திருநரும் துப்பாக்கியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் டல்லாஸில் இருக்கிறேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மாமா ஒருவர் ‘அமெரிக்காவில் இப்போது சுடுகிறவர்கள் எல்லாம் திருநர்தான்’ என்று ஓயாமல் ஃபார்வர்ட் போடுகிறார். இங்குள்ள அரசியல்வாதிகளும் அதையேதான் பேசுகிறார்கள். வெறுப்புப் பேச்சு என்றால், ‘நாஷ்வில் நடக்கலையா? மினியாபொலிஸ்? சார்லி கர்க்?’ என்கிறார். என்ன பதில் சொல்வது?

ரமேஷ்

அன்புள்ள ரமேஷ்,

நாஷ்வில் நடந்ததுதான், மழுப்ப வேண்டாம். 2023 மார்ச்சில் அங்கே ஒரு பள்ளியில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் திருநர் என்று போலீஸே சொன்னது. 2025 ஆகஸ்டில் மினியாபொலிஸ் தேவாலயத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். சுட்டவர் பதின்வயதில் தன்னைப் பெண் என்று சொல்லிப் பெயர் மாற்றிக்கொண்டவர். மாமா ‘எல்லாம்’ என்கிறார் இல்லையா, அந்த ‘எல்லாம்’தான் இடிக்கிறது.

பொது இடங்களில் மூன்று பேராவது பாதிக்கப்பட்ட 173 தாக்குதல்களை, அதிபருக்குப் பாதுகாப்பு தரும் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் ஆராய்ந்தது. 2016 முதல் 2020 வரை நடந்தவை. தாக்கியவர்கள் 180 பேர்: ஆண்கள் 172, பெண்கள் ஐந்து, திருநர் மூன்று. 13 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்களில் திருநர் சுமார் 1 சதவீதம் என்பது வில்லியம்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. 180இல் மூன்று என்றால் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ‘பார்த்தியா, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு!’ என்று மாமா துள்ளலாம். துள்ளட்டும். அந்த மூவரில் ஒருவர் இல்லாவிட்டால் விகிதம் மக்கள்தொகைப் பங்குக்கே வந்துவிடும். ஒரே ஒரு ஆள் கூடினால், குறைந்தால் புரண்டுவிடுகிற விகிதத்தை வைத்து லட்சக்கணக்கானவர்களை எடைபோடக் கூடாது.

திருநருக்கு ஆதரவாகப் பேசும் நம் பக்கத்து நண்பர்கள் வேறொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி வன்முறையைக் கணக்கெடுக்கும் கன் வயலன்ஸ் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 2013இலிருந்து ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத் துப்பாக்கிச்சூடுகளைப் பதிந்திருக்கிறது. அதில் திருநர் என்று உறுதியானவர்கள் விரல்விட்டு எண்ணும்படி, 0.1 சதவீதம்கூடத் தேறாது. சரிதான். ஆனால் அதில் பல தெருச்சண்டை, பார்ட்டித் தகராறு மாதிரியானவை. பலவற்றில் சுட்டவன் யாரென்றே தெரியாது. அதனால் அந்த 0.1ஐயும் நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன்.

எனக்கு வேடிக்கையாக இருப்பது சீக்ரெட் சர்வீஸ் கணக்கில் வந்த அந்த 172தான். 96 சதவீதம் ஆண்கள். அதைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சில்லை. 2025 செப்டம்பரில், திருநர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கலாமா என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சக அதிகாரிகள் யோசிப்பதாகச் செய்தி வந்தது. துப்பாக்கிக்காரர்களின் சங்கமான என்.ஆர்.ஏ.வே அதை எதிர்த்தது!

அப்புறம் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கர்க். 2025 செப்டம்பரில் யூட்டா வேலி பல்கலைக்கழக வளாகத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, திருநரில் எத்தனை பேர் இப்படிக் கூட்டத்தில் சுட்டிருக்கிறார்கள் என்று பார்வையாளர் ஒருவர் கேட்ட கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், போலீஸின் உள் அறிக்கை ஒன்றை வைத்து, தோட்டாக்களில் திருநர் சித்தாந்தம் பொறிக்கப்பட்டிருந்ததாக எழுதியது. அதற்கடுத்த நாள் யூட்டா ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் அந்த வாசகங்களை ஒவ்வொன்றாக வாசித்தார்: ஃபாசிஸ்டைச் சீண்டும் ஒரு வரி, அதன் பின்னால் சில அம்புக்குறிகள், ஒரு இத்தாலியப் பாட்டின் அடி, இணையக் கிண்டல்கள். திருநர் சித்தாந்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பத்திரிகை பின்னர் ஆசிரியர் குறிப்பு சேர்த்தது. அதற்குள் செய்தி உங்கள் மாமாவரைக்கும் வந்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் திருநர் இல்லை. அவரோடு தங்கியிருந்தவர் பாலின மாற்றத்தில் இருந்தவர் என்று ஆளுநர் சொன்னார். அவர் விசாரணைக்கு முழுதாக ஒத்துழைக்கிறார் என்றும் சொன்னார். மாமா முதல் பாதியோடு நின்றிருப்பார்.

அடிபடுகிறவர்கள் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. 2017–18 அரசுக் கணக்கெடுப்பின்படி, வன்முறைக்கு ஆளாவது திருநரில் ஆயிரத்துக்கு 86, மற்றவர்களில் 22.

மாமாவிடம் வாதாடாதீர்கள். எந்த ஊர், என்ன தேதி என்று ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். 2022இல் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்ட உங்கள் டெக்சாஸின் உவால்டே அதில் இருந்தாலும் இருக்கும். சில மணி நேரத்திலேயே, சம்பவத்துக்குச் சம்பந்தமே இல்லாத திருநங்கைகளின் படங்களைப் போட்டு ‘இவர்தான் சுட்டது’ என்று பரப்பினார்கள். பால் கோசார் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரே சுட்டவர் திருநர் என்று ட்வீட் போட்டு, பிறகு நீக்கினார். பட்டியலில் அது இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.