ஒரு கிறிஸ்தவ சபைக்குள் போதனைகள் காலப்போக்கில் மாற முடியுமா?

மாற முடியும், மாறியும் இருக்கின்றன. மாறிய செய்தி பலிபீடத்திலிருந்து கடைசி வாங்கு வரை வந்துசேர எத்தனை தலைமுறை எடுக்கிறது என்பதே என் மனக்குறை.

இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் வீட்டில் மூத்தவர் ஒருவரோடு வாதிட்டு, "இயேசு கிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவர்" என்ற வசனத்தால் வாயடைக்கப்பட்டவராகவே இருப்பார் என்று எண்ணுகிறேன். அந்த வசனம் கிறிஸ்துவைப் பற்றியது; சபை விதித்த ஒவ்வொன்றுக்கும் அதைக் காவல் நிறுத்துவது பொருந்தாது. பிற இனத்தவர் விருத்தசேதனம் செய்யவேண்டியதில்லை என்று எருசலேமில் கூடித் தீர்மானித்த திருத்தூதர்கள், ஆபிரகாம் காலம் முதல் முன்னோர் காத்துவந்த கட்டளையைத்தான் தளர்த்தினார்கள்.

நான் கத்தோலிக்கன், எனக்குத் தெரிந்த சபையைப் பற்றியே பேசுகிறேன். என் அப்பா மன்னாரில் பிறந்து, கொழும்பில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். தம்மைப் பொரளைக் கனத்தை மயானத்தில் தகனம் செய்யவேண்டும் என்று எங்களிடம் சொல்லிவைத்திருந்தார். அவர் இறந்த அன்று மன்னாரிலிருந்து வந்த அவருடைய அக்கா, எங்கள் பெரிய மாமி, "எரிச்சுப்போட்டால் என்ர தம்பி கடைசி நாளில எதோட எழும்புவான்?" என்று கேட்டுவிட்டுப் பெட்டிக்கு முன்னால் அசையாமல் அமர்ந்துவிட்டார்.

அவரைப் பிடிவாதக்காரி என்று நான் சொல்லமாட்டேன். அவர் சிறுமியாக ஞானோபதேசம் படித்த காலத்தில் தகனம் விலக்கப்பட்டிருந்தது உண்மை. 1886இல் உரோமை, அதாவது கத்தோலிக்கத் தலைமைப்பீடம், அதைத் தடைசெய்தது; தம்மை எரிக்கும்படி சொல்லிவைத்து இறந்தவருக்கு 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் திருச்சபை அடக்கத்தையே மறுத்தது. அக்கால ஐரோப்பாவில் தகனத்தை முன்னின்று பரப்பியவர்களுள், இறந்தோர் கடைசி நாளில் உடலோடு எழுவர் என்ற உயிர்ப்பை ஏளனம் செய்தோர் பலர் இருந்தமையே அதற்கு முக்கிய காரணம். அக்காரணம் மங்கியபின் 1963இல் தடை தளர்ந்தது. அடக்கமே விரும்பத்தக்கது என்று கூறும் 1983ஆம் ஆண்டுச் சட்டம், கிறிஸ்தவப் போதனைக்கு முரணான நோக்கத்தோடு தேர்ந்தாலன்றித் தகனத்தை விலக்குவதில்லை.

இவற்றையெல்லாம் எங்கள் பங்குத்தந்தை மாமியின் அருகில் அமர்ந்து பொறுமையாக விளக்கினார். சாம்பலை வெள்ளவத்தைக் கடலில் கரைக்க நினைத்திருந்த என் தம்பியைத் தடுத்தவரும் அவரே. சாம்பலை நிலத்திலோ கடலிலோ தூவக்கூடாது என்று 2016இல் உரோமை அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே மாற்றம் என்றால் தளர்வு மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். சாம்பல் மன்னாரில், சேமக்காலையில், அப்பப்பாவின் குழியில் அடக்கம் செய்யப்பட்டது; மாமிக்கும் ஓரளவு மனம் ஆறியது.

ஆனால் 1963இல் நீங்கிய ஒரு விலக்கை அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவருக்கு எவரும் சொல்லவில்லை. திருவிழாச் செலவுக்கும் லொத்தர்ச் சீட்டுக்கும் ஞாயிறுதோறும் அறிவித்தலில் இடம் உண்டு. முன்பு கற்பித்ததை மாற்றிக்கொண்டோம் என்று சொல்வதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. நான் குருக்களைப் பழிக்க வந்தவனும் அல்லன், திருப்பலிக்குப் போகாதவனும் அல்லன். அதனால்தான் இது உறுத்துகிறது.

"அது ஒழுங்கு விதி மட்டுமே, விசுவாசப் போதனை அன்று" என்று படித்தவர்கள் மறுப்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், உடலின் உயிர்ப்பு விசுவாச அறிக்கையில் அப்படியே இருக்கிறது. மரண தண்டனையை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அரசுக்கு அந்த உரிமை உண்டு என்று பல நூற்றாண்டுகள் கற்பித்த திருச்சபை, 2018 ஆகஸ்டில் தன் மறைக்கல்வி நூலின் 2267ஆம் எண்ணை மாற்றி, அத்தண்டனை ஏற்கத்தகாதது என்று எழுதியது. 1976க்குப் பின் எவரையும் தூக்கிலிடாத இலங்கையில், போதைப்பொருள் கடத்தியவர்களைத் தூக்கிலிடும் பேச்சு மீண்டும் எழுந்ததும் அதே ஆண்டில்தான். எங்கள் கோயில் முற்றத்தில் அதை ஆதரித்தவர்கள் பழைய போதனையையே எடுத்துக்காட்டினார்கள். உரோமை இதனை மாற்றம் என்னாது வளர்ச்சி என்கிறது. முற்றத்தில் நின்றவர்களுக்கு இரண்டுமே எட்டியிருக்கவில்லை.

உங்கள் சபை எதுவென்று நீங்கள் குறிப்பிடவில்லை. அங்கிலிக்கன் சபையாயின், 1920இல் கண்டித்த கருத்தடையை 1930ஆம் ஆண்டு அச்சபை ஆயர்களின் லம்பெத் மாநாட்டில் வரையறைகளோடு ஏற்றார்கள்; கத்தோலிக்கராகிய நாங்களோ அவ்விடயத்தில், செயற்கைக் கருத்தடையை விலக்கிய திருத்தந்தையின் 1968ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே நிற்கிறோம். எந்தச் சபை, எந்தப் போதனை என்று எழுதினால் இன்னும் உறுதியாகப் பதில் கூறலாம்.