தோட்டத்தை நடுவில் வைக்காதீர்கள், தென்கிழக்கு மூலைக்குத் தள்ளுங்கள்

கேள்வி: சென்னை மேற்கு மாம்பலத்தில் கிழக்குப் பார்த்த 4 கிரவுண்டு மனை. தெருவை ஒட்டி 80 அடி, உள்ளே 120 அடி. பழைய வீட்டை இடித்துவிட்டு, பில்டருடன் சேர்ந்து 12 ஃபிளாட் கட்டப்போகிறோம். நடுவில் முற்றம் மாதிரி தோட்டம் வேண்டும். ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள் உள்ள தெருவில் கட்டடம் துருத்திக்கொண்டு நிற்கவும் கூடாது. கார் பார்க்கிங் தளத்துக்கு மேலேயே புல்தரை போட்டுத் தருகிறேன் என்கிறார் பில்டர். சரிவருமா?

பதில்: சரிவராது. நனைந்த மண் ஒரு அடி உயரத்துக்குச் சதுர மீட்டருக்கு 550 முதல் 600 கிலோ கனக்கும். வீட்டுத் தளத்தை ஆட்கள், சாமான்களுக்காக வழக்கமாக 200 கிலோவுக்குத்தான் கணக்கிடுவார்கள். அந்த ஒரு அடியிலும் புல்லும் செடியும்தான் வரும். சிறிய மரத்துக்கே மூன்று, நாலு அடி மண் வேண்டும். அதைவிடத் தொல்லை நீர்க்கசிவு. சில வருடத்தில் வாட்டர்ப்ரூஃபிங் விட்டுப்போகும். கீழே நிற்கும் காரின் பானெட்டில் சுண்ணாம்புச் சொட்டு வெள்ளைவெள்ளையாகக் காயும். பழுது பார்க்க மண்ணை அள்ளுவார்கள். அள்ளிய மண் திரும்ப மேலே ஏறாது, அந்த இடத்தில் டைல்ஸ்தான் வரும். தோட்டம் சொந்த மண்ணில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, அந்த நடு முற்றம். கணக்குக்காகச் சுற்றிலும் 10 அடி விடுவதாக வைத்துக்கொள்வோம். உயரத்தையும் சாலை அகலத்தையும் பொறுத்து இது மாறும். கட்டுவதற்கு 60-க்கு 100 அடி மிஞ்சும். நடுவில் 20 அடி விட்டால், கார் தளமும் அதற்கு மேல் ஐந்து மாடியும் சேர்ந்து இருபுறமும் 60 அடி உயரச் சுவர். அது முற்றமல்ல, கிணறு. ஓட்டு வீட்டு முற்றத்தில் வெயிலும் காற்றும் இறங்கியதற்குக் காரணம், சுற்றிச் சுவர் பத்து அடிதான். இந்தக் கிணற்றில் ஒரு வீட்டுக் குக்கர் விசில் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும். பன்னிரண்டு வீட்டு ஏசி வெளி யூனிட்டும் அதற்குள்தான் அனல் கக்கும்.

எனவே கட்டடத்தை வடக்கிலும் மேற்கிலும் ஒதுக்குங்கள், ‘ட’வைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல. வடக்குப் பகுதி 100-க்கு 30 அடி, மேற்குப் பகுதி 30-க்கு 30 அடி. மீதியோடு தெற்கு இடைவெளி 10 அடியும் சேர்ந்தால், தென்கிழக்கில் 70-க்கு 40 அடி, அதாவது 2,800 சதுர அடி ஒரே துண்டாகக் கிடைக்கும். பிற்பகல் கடல் காற்று அந்தப் பக்கம்தான் வரும். மேற்கு வெயிலைக் கட்டடமே மறைத்துவிடும்.

வாஸ்து பார்ப்பவர் வடகிழக்கைத்தான் காலியாக விடச் சொல்வார். அப்படித் திருப்பினால் கட்டடம் தெற்கில் நிற்கும். டிசம்பர் உச்சிப்பொழுதில் 60 அடி உயரக் கட்டடத்தின் நிழல் சுமார் 44 அடிக்கு வடக்கே விழும். 40 அடித் தோட்டம் முழுக்க இருட்டுதான். செடியா, சாஸ்திரமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பரப்பு இழப்பும் அதிகமில்லை. 2019 கட்டட விதிகளின்படி எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்றால், உங்கள் 9,600 சதுர அடி மனைக்கு 19,200 சதுர அடி கட்டலாம். ஸ்டில்ட்டுக்கு, அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் கார் தளத்துக்கு மேல் ஐந்து மாடி, தளத்துக்கு 3,900 வீதம் 19,500 வரும். தெருவை ஒட்டிய 25 அடி நீளத்தை மட்டும் மூன்றாம் மாடியோடு நிறுத்திவிடுங்கள். 1,500 குறைந்து 18,000 சதுர அடி. 12 ஃபிளாட்டுக்கு ஏராளம். எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் கண்ணில் படுவது அந்த மூன்று மாடியும் மரங்களும்தான். காம்பவுண்டுச் சுவரை நாலு அடியோடு நிறுத்தி, மேலே கிரில் போடுங்கள். எட்டடிச் சுவர் எழுப்பினால் தோட்டம் இருப்பதே தெருவுக்குத் தெரியாது.

ஸ்டில்ட்டில் தூண்களுக்கு இடையே உள்ளளவு 17 அடி விட்டால் இரண்டு கார் நிற்கும். படிக்கட்டு, லிஃப்ட் போகப் பத்து, பதினொரு கார் அடங்கும். குறைகிற ஒன்றிரண்டுக்குத் தோட்டத்தில் பேவர் கல் பதிக்கலாம் என்ற பேச்சு வரும். அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள், அதன்பிறகு நிற்காது.

மண்மட்டத்தில்தான் அக்கம்பக்கத்தோடு சண்டை தொடங்கும். புதிதாகக் கட்டுபவர் மனையைத் தெருவைவிட மூன்று அடி உயர்த்தி, மழைநீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவார். நீங்கள் ஸ்டில்ட்டை உயர்த்துங்கள், தோட்டத்தை வண்டிப்பாதையைவிட ஒரு சாண் தாழ்த்துங்கள். தெருவில் தேங்கும் சாக்கடைநீர் உள்ளே வராதபடி கேட் அடியில் சின்ன மேடு போதும். மாம்பலம் களிமண்; சாதாரணக் கசிவுக் குழி பயன்படாது. மூன்று அடி விட்டத்தில், மணல் அடுக்கு தட்டும்வரை உறை இறக்குங்கள். பழைய கிணறு இருந்தால் மூடவே மூடாதீர்கள். மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடுங்கள். 3,900 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் 18,000 லிட்டர்.

மரம்: மகிழம், புங்கம், பவழமல்லி. கட்டடத்திலிருந்து 20 அடி தள்ளி, நடுவே ஒரே வரிசையில், 20 அடிக்கு ஒன்றாக மூன்று போதும். குல்மோகர் வேண்டாம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் அது விழுந்த விதத்தைச் சென்னை பார்த்தது.

கட்டும் காலத்தில் தோட்டத்து இடம்தான் கம்பி அடுக்கவும் கலவை போடவும் களமாகும். சிமென்ட் கலந்து இறுகிய மண்மேல் அரை அடி செம்மண் தூவி ஒப்படைப்பார்கள். ஒரே கோடையில் செடி கருகும். வேலை தொடங்கும் நாளிலேயே தகரத் தடுப்பு அடிக்கச் சொல்லுங்கள். சொன்னாலும் கொஞ்சம் குப்பை விழத்தான் செய்யும். முடிவில் மூன்று அடி ஆழம் தோண்டி அள்ளிவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்ப வேண்டும். தடுப்பு, ஆழம், கலவை மூன்றையும் பில்டர் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 2,800 சதுர அடியைப் பொது இடமாக வரைபடத்தோடு இணைத்து, கடைசித் தவணையை அந்த மண் நிரம்பியபிறகு கொடுங்கள்.