புத்தகம் தராத பள்ளி, மடிக்கணினியோடு வரும் பிள்ளை

இந்த நாட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது, ஏழாம் வகுப்பில் சேர்ந்த மகனுக்கு ஒரு பாடப்புத்தகம்கூடத் தரவில்லை, மடிக்கணினியை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அவன் படிக்கிறானா விளையாடுகிறானா என்றே தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான், சகோதரி. ஆனாலும் இப்போது அவனுக்குப் பெரிய துணை அந்தக் கணினிதான். நான் பட்டதைச் சொன்னால் புரியும்.

நானும் 1998-ல், பன்னிரண்டு வயதில், ஏழாம் வகுப்பில்தான் வந்து சேர்ந்தேன். அப்போது வகுப்பில் இருந்தது ஓவர்ஹெட் புரொஜெக்டர். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் ஆசிரியர் நீல மார்க்கரால் எழுத, சுவரில் பெரிதாகத் தெரியும். உள்ளே விசிறி இரைந்துகொண்டே இருக்கும். மொழி புதிது என்பதால் ஆசிரியர் பேச்சில் பாதி புரியாத எனக்கு அந்த எழுத்துதான் ஒரே பிடிப்பு. மூன்றாவது வரியை நான் பார்த்து எழுதுவதற்குள் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. போனது போனதுதான். அந்த வருட நோட்டில் பாதிப் பக்கங்கள் அரைவாக்கியத்தோடு நிற்கும்.

அப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் ஃப்ளாப்பி வட்டில் 1.44 எம்பிதான் கொள்ளும், கட்டுரையில் படங்களைச் சேர்த்தால் இடம் போதாது. பிறகு பென் டிரைவ் வந்தது, ஸ்மார்ட் போர்டு வந்தது. பலகை புதிதே தவிர, எழுதியதும் அழிப்பதும் பழையபடிதான். எனக்கு விடிவு வந்தது 2004-ல், கல்லூரியில். மூடுல் என்ற இணையப் பாடத் தளத்தில் பேராசிரியர் ஸ்லைடுகளை முந்தைய நாளே ஏற்றிவிடுவார். இரவே அச்செடுத்து, தெரியாத சொற்களுக்கு மேல் பென்சிலால் தமிழில் பொருள் எழுதிக்கொண்டு போவேன். வகுப்பில் முதன்முதலாகக் கை தூக்கிக் கேள்வி கேட்டது அந்த வருடம்தான்.

எனக்குக் கல்லூரியில் கிடைத்தது உங்கள் மகனுக்கு இப்போதே கிடைத்திருக்கிறது. மறுநாள் பாடத்தை முன்கூட்டியே ஏற்ற முடியுமா என்று ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். பாடங்களையும் வீட்டுவேலைகளையும் இணையத்தில் தரும் கூகுள் கிளாஸ்ரூமைப் பள்ளி பயன்படுத்தினால், முடிக்காத வேலைகளின் சுருக்கத்தைப் பெற்றோருக்குத் தினமோ வாரமோ மின்னஞ்சலில் அனுப்பும் வசதி அதில் உண்டு; பள்ளியிடம் சொல்லி உங்கள் முகவரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். திருத்தி வந்த வேலையில் பிள்ளைகள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். ஓரத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்புதான் முக்கியம், அதைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

சாட்ஜிபிடி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். புரியாத பத்தியைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது சரி. விடையை அதை எழுதவைத்தால் அவனுக்கு மொழி வராது. கணக்கைத் தாளில்தான் போடவேண்டும். எந்தப் படியில் தவறினான் என்பது அப்போதுதான் தெரியும்.

இன்றிரவு, மகனை நேற்றைய அறிவியல் ஸ்லைடைத் திறந்து உங்களுக்குத் தமிழில் சொல்லித்தரச் சொல்லுங்கள். குறை சொல்லாமல் கேளுங்கள். எந்த வரியில் நின்றுபோகிறானோ, அந்த வரியை அப்படியே எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள்.