மங்கலான கோடும் இடதுபக்க வலியும்

கேள்வி: வயது 29, வெள்ளவத்தையில் வசிக்கிறேன். மாதவிடாய் ஒன்பது நாள் தள்ளிப்போயிருக்கிறது. பாமசியில் வாங்கிய கருவியில் மூன்று முறை பார்த்தும் இரண்டாவது கோடு மங்கலாகவே விழுகிறது. பற்பசையிலும் சோதித்தேன், நுரைக்கவில்லை. போன வாரம் பப்பாசிப்பழம் சாப்பிட்டேன், பனடோலும் போட்டேன். கோடு மங்கலானால் கரு தங்காது என்று இணையத்தில் இருக்கிறது. கரு நிலைக்கத் தோழி சொன்ன ஹோர்மோன் மாத்திரையை வாங்கலாமா? இரண்டு நாளாக இடப்பக்க அடிவயிற்றில் வலி, உள்ளாடையில் பழுப்புக் கறை.

பதில்: கடைசியில் எழுதியதை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். அந்த வலிக்காகவும் கறைக்காகவும் இன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். களுபோவிலை போதனா வைத்தியசாலையோ காசல் வீதி மகளிர் வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே. கணவர் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

குறித்த ஐந்து நிமிடத்துக்குள் விழுந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கர்ப்பம்தான். கோட்டின் நிறம் கருவின் பலத்தை அளக்காது. தண்ணீர் நிறையக் குடித்தாலும் மங்கும், கரு பிந்தித் தரித்தாலும் மங்கும். அரை மணி கழித்து எடுத்துப் பார்த்த கோட்டை மட்டும் நம்பாதீர்கள். ஆனால் அந்தக் கருவி சொல்லாத ஒன்று இருக்கிறது: கரு எங்கே தங்கியிருக்கிறது என்பது.

நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகின்றன. முன்பு எந்த நோயும் இல்லாத பெண்களுக்கும் இது நேர்கிறது. குழாய் விரிந்து கொடுக்காது. கரு வளர வளர ஒருபக்க வலி, சிறு கறை, பிறகு ஒரு நாள் குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம். வெளியே துளிதான் தெரியும். நேரத்தோடு கண்டால் பலருக்கு ஊசி மருந்தே போதும். வெடித்தபின் உயிரைக் காக்க அறுவைச் சிகிச்சைதான். உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை; நல்ல கர்ப்பத்திலும் இலேசான வலியும் கறையும் வருவதுண்டு. வித்தியாசத்தை ஸ்கேனும், 48 மணி இடைவெளியில் இருமுறை எடுக்கும் இரத்தப் பரிசோதனையும்தான் சொல்லும். மயக்கம், தோள்முனை வலி, திடீரென்று கடும் வயிற்றுவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

அந்த மாத்திரையை வாங்கவே வேண்டாம். கரு இருக்கும் இடமே தெரியாதபோது எதை நிலைக்கவைக்கப் போகிறீர்கள்? தோழிக்கு வைத்தியர் எழுதியது தோழிக்குத்தான். ஆறு நாள் பொறுத்து வந்து, குழாய் வெடித்த நிலையில் மேசையில் கிடத்தப்பட்ட பெண்களைப் பார்த்தவள் நான். அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

பழுத்த பப்பாசியால் எதுவும் ஆகாது. அளவோடு போட்ட பனடோலுக்கும் பயப்பட வேண்டாம். பற்பசை பல் துலக்கத்தான். ஒன்பது நாள் தள்ளிப்போனபின் எந்த வேளைச் சிறுநீரிலும் தெரிந்துவிடும். விடியற்காலை முதல் சிறுநீர் தேவைப்படுவது மாதவிடாய் தவறிய முதல் சில நாட்களில்தான். அப்போது கோடு விழாவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை.

போகும்போது கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியையும் உங்கள் இரத்த வகையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் "கர்ப்பம், ஒருபக்க வலி, கறை" என்று முதலில் சொல்லுங்கள்.