ஒரு அரசு தன் மக்களையே கொல்லும்போது ஐ.நா.வால் ஏன் தடுக்க முடிவதில்லை?

வீட்டோதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள், அதாவது பாதுகாப்பு அவையில் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று மறுத்தாலே தீர்மானம் விழுந்துவிடும் அதிகாரம். சிரியாவைப் பொறுத்தவரை அது சரி. ரஷ்யா திரும்பத் திரும்ப வீட்டோ போட்டது. ஆனால் 1994இல் ருவாண்டாவில் சுமார் நூறு நாளில் ஏறக்குறைய 8 லட்சம் பேர், பெரும்பாலும் துட்சி என்ற சிறுபான்மை இனத்தவர், கொல்லப்பட்டார்கள். அங்கே ஒரு வீட்டோகூட விழவில்லை. கோளாறு எங்கே என்று பார்க்க அதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

முன்கூட்டியே தெரியாது என்று யாரும் சொல்லித் தப்ப முடியாது. அங்கிருந்த ஐ.நா. அமைதிப் படைத் தளபதி ரோமியோ டலேர் ஜனவரி 11ஆம் தேதியே நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டார். தலைநகர் கிகாலியில் உள்ள துட்சிகளைக் கணக்கெடுக்கிறார்கள், 20 நிமிடத்தில் 1,000 பேர் வரை கொல்ல ஆட்கள் தயார், ஆயுதம் பதுக்கிய இடத்தில் சோதனை போடப்போகிறேன் என்று. தலைமையகம் தடுத்துவிட்டது: உங்களுக்குக் கொடுத்த அதிகாரத்தில் அது வராது, அதிபர் ஹபியாரிமனாவிடம் சொல்லுங்கள். யாருடைய கட்சிக்காரர்கள் கொலைக்குத் தயாராகிறார்களோ, அவரிடமே போய்ச் சொல்லச் சொன்னார்கள்! அந்தப் படைக்கு அனுமதிக்கப்பட்டது 2,548 பேர். ஐ.நா. சாசனத்தின் ஆறாம் அத்தியாயப்படி, அரசின் சம்மதத்தோடு நிற்கும் படை. அந்த அரசின் ஆட்களே கொலையில் இறங்கியதும் அதன் கை கட்டப்பட்டுவிட்டது.

அடுத்தது ஆள்பலம். ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது, உறுப்பு நாடுகள் தருவதுதான். ஏப்ரல் 7 அன்று பெல்ஜியத்தின் 10 வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் விலக முடிவெடுத்தது. 11ஆம் தேதி கிகாலியின் தொழில்நுட்பப் பள்ளியைக் காவல் காத்த அதன் வீரர்கள் கிளம்பினார்கள். உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் சுமார் 2,000 பேர். பெரும்பாலானோர் அன்றே கொல்லப்பட்டார்கள். அதே நாட்களில் பிரான்சும் பெல்ஜியமும் தனியாகப் படை இறக்கித் தங்கள் நாட்டவரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போயின. ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு அவை ஏகமனதாகப் படையை 270 ஆகக் குறைத்தது. ஏப்ரல் 6 அன்று ஹபியாரிமனா கொல்லப்பட்டபின் அமைந்து, கொலையை நடத்திய ருவாண்டா இடைக்கால அரசின் பிரதிநிதியும் அந்த அவையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் ஜீரணிக்க முடியவில்லை.

மே 17 அன்று 5,500 பேரை அனுப்ப முடிவானது. அதற்குப் பிறகும் கவச வண்டிகளுக்காக இழுபறி: சக்கர வண்டியா, சங்கிலி வண்டியா? விலைக்கா, வாடகைக்கா? பணம் யார் கட்டுவது? ஜூலையில் படுகொலை ஓய்ந்தபோது அந்தப் படை இன்னும் வந்து சேர்ந்தபாடில்லை.

படை போயிருந்தாலும் பயனிருந்திருக்காது என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். உத்தரவை மீறித் தங்கிய சில நூறு வீரர்கள், பெரும்பாலும் கானா நாட்டவர், அமஹோரோ விளையாட்டரங்கம் போன்ற இடங்களில் நின்றே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். ஆகவே புதிதாக ஒரு தீர்மானம் வந்தால் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: சம்மதமில்லாமலும் மக்களைக் காக்க அதிகாரம் உண்டா, எந்த நாட்டு வீரர்கள், எத்தனை நாளில், யார் செலவில்.

2009இல் இலங்கைப் போரின் முடிவில் வன்னியில் நடந்தது தீர்மானம் வரைக்கும்கூடப் போகவில்லை. பாதுகாப்பு அவையின் முறையான நிகழ்ச்சி நிரலிலேயே அது ஏறவில்லை. ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் 2008 செப்டம்பரிலேயே வன்னியை விட்டு வெளியேறியிருந்தார்கள். போர் முடிந்த சில நாளில், மே 27 அன்று, மனித உரிமைப் பேரவை 29 வாக்குகளோடு இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை நிறைவேற்றியது. ஐ.நா. தன்னிடமிருந்த சாவு எண்ணிக்கையை வெளியே சொல்லாமல் வைத்திருந்ததை அதன் உள்விசாரணை அறிக்கையே 2012இல் ஒப்புக்கொண்டது.