கரப்பான் (எக்ஸிமா எனும் தோல் அழற்சி) உள்ள ஐந்து மாதக் குழந்தைக்கு வேர்க்கடலையை மூன்று வயதுவரை தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராதா?

தள்ளிப்போடாதீர்கள். ஆபத்து அதில்தான் அதிகம்.

இந்த மூன்று வயதுக் கணக்கு 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி சொன்னது. 2008-லேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள். 2015-ல் வெளியான லீப் ஆய்வில், கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளைப் பார்த்தார்கள். ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை, தவிர்த்தவர்களில் 17.2%, சாப்பிட்டு வந்தவர்களில் 3.2%.

வெடித்த தோல் வழியாக நுழையும் உணவுத் துகளை உடல் எதிரியாகப் பார்க்கிறது. அதுவே வாய் வழியாகப் போனால் பழகிக்கொள்கிறது. ஆகவே கரப்பானை அடக்குவதும் தடுப்பில் சேர்த்திதான். ஈரப்பதக் களிம்பு தினமும் தடவுங்கள். மருத்துவர் தந்த ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பாதியில் விடாதீர்கள்.

கரப்பான் கடுமையாக இருந்தாலோ முட்டை ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, முதல் வாய் கொடுப்பது மருத்துவர் சொன்ன பிறகுதான். ("டாக்டரைக் கேட்காமல் கொடுக்கச் சொல்கிறாரே" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) மற்றபடி, தலை நின்று, தாங்கிப் பிடித்தால் உட்காரும் நிலை வந்ததும் ஆரம்பிக்கலாம். சளி, காய்ச்சல் இல்லாத நாளில், பகலில் கொடுங்கள். கட்டியில்லாத வேர்க்கடலை வெண்ணெய் இரண்டு டீஸ்பூனை வெந்நீரில் நீர்க்கக் கரைத்து ஆறவையுங்கள். ஸ்பூன் நுனியளவு கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். ஒன்றுமில்லையென்றால் மெதுவாக மீதி. பிறகு இரண்டு மணி நேரம் கண்காணியுங்கள். முழுக்கடலை கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். ஒருமுறை ஒத்துக்கொண்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். இதே அளவு வாரம் மூன்று முறை, வருடக்கணக்கில் தொடர வேண்டும்.

வாயைச் சுற்றி லேசாகச் சிவந்தால் அது பெரும்பாலும் தோல் எரிச்சல்தான். உடலெங்கும் தடிப்பு, அடுத்தடுத்து வாந்தி, இருமல், இழுப்பு, துவண்டு வெளிறிப்போவது எல்லாம் வேறு. உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள், குழந்தையைத் தூக்கி நிறுத்தாதீர்கள். தொடையின் வெளிப்புறத்தில் அட்ரினலின் ஊசிதான் மருந்து. அலர்ஜி சிரப் அதற்கு ஈடாகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைக்கு நாற்பது, ஐம்பது உணவுகளுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்து, 'பாசிட்டிவ்' வந்ததையெல்லாம் நிறுத்தச் சொல்வது கொடுமை. அந்தப் பாசிட்டிவுக்கு உடலில் அந்த உணவுக்கு எதிரான எதிர்ப்புப்பொருள் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது. நன்றாகச் சாப்பிட்டு வந்த உணவை அந்தத் தாளைப் பார்த்து நிறுத்தினால், இல்லாத ஒவ்வாமை நிஜமாகவே வந்துசேரலாம்.