மெட்ரிக் அலகுகள்: கேள்வி பதில்

அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகம் ஒன்றில் 26 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், மெட்ரிக் அலகுகளையும் அவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, கிலோமீட்டரை மீட்டராக மாற்றும்போது பெருக்குவதா வகுப்பதா என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன். மனப்பாடம் செய்ய எளிய வழி ஏதேனும் உண்டா?

பதில்: மனப்பாடத்தைக் கைவிடுவதே எளிய வழி. ஒரே நீளத்தைச் சிறிய அலகால் அளந்தால் எண்ணிக்கை கூடும். பெரிய அலகால் அளந்தால் குறையும். 3.5 கிலோமீட்டரை மீட்டரில் சொல்லும்போது எண் பெரிதாகத்தான் வர வேண்டும் என்று முதலில் மனத்தில் நிறுத்திக்கொண்டால், 3,500 என்பது தானாகவே வரும், 0.0035 என்ற விடையைக் கண்டதும் கை நின்றுவிடும்.

கணக்கு நீண்டதாக இருந்தால் இன்னும் உறுதியான முறை ஒன்று உண்டு. 1,000 மீட்டரும் 1 கிலோமீட்டரும் ஒரே நீளம் என்பதால், ஒன்றை மேலும் மற்றதைக் கீழும் இட்டு எழுதும் பின்னத்தின் மதிப்பு 1 ஆகும். அந்தப் பின்னத்தால் எதைப் பெருக்கினாலும் அளவு மாறாது, அலகு மட்டுமே மாறும். கிலோமீட்டர் கீழே வரும்படி எழுதினால் அது அடிபட்டு மீட்டர் எஞ்சும். தலைகீழாக எழுதிவிட்டால் பொருளற்ற ஓர் அலகு விடையில் எஞ்சி, தவறு நடந்ததைத் தானே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்கு அருகில் அலகை எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். எண்களை மட்டும் கணக்கிட்டு, கடைசி வரியில் அலகை ஒட்டவைப்பவர்களுக்குக் கிடைக்காது.

கேள்வி: ஒரு லிட்டர் என்பது எத்தனை கிலோகிராம்?

பதில்: எதன் லிட்டர் என்று சொல்லாமல் இதற்கு விடை கிடையாது. லிட்டர் என்பது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு. கிலோகிராம் என்பது அந்தப் பொருளின் நிறை. இவ்விரண்டையும் இணைப்பது அடர்த்தி. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1 கிலோகிராம் இருக்கும். ஒரு லிட்டர் பாதரசம் ஏறத்தாழ 13.6 கிலோகிராம் இருக்கும்.

இது வெறும் பாடநூல் வேறுபாடு அன்று. 1983 ஜூலையில் கனடாவில் போயிங் 767 விமானம் ஒன்று ஏறத்தாழ 12,500 மீட்டர் உயரத்தில் எரிபொருள் முழுவதும் தீர்ந்து, எஞ்சின்கள் நின்ற நிலையிலேயே கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானத் தளத்தில் இறங்கியது. பயணத்துக்குத் தேவைப்பட்டது 22,300 கிலோகிராம் எரிபொருள். தொட்டிகளில் ஏற்கெனவே இருந்தது 7,682 லிட்டர். அந்த லிட்டரைக் கிலோகிராமாக்க 0.8 என்ற எண்ணால் பெருக்கியிருக்க வேண்டும். ஆனால் 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதைக் குறிக்கும் எண். விடையாக வந்த 13,597 என்பதைக் கிலோகிராம் என்று எடுத்துக்கொண்டு, குறைவது 4,917 லிட்டர் மட்டுமே என்று முடிவு செய்து அதை நிரப்பினார்கள். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் விமானம் புறப்பட்டது. உயிரிழப்பு நேரவில்லை என்பது விமானிகளின் திறமையால் கிடைத்த நற்பேறு. 1.77 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஒரு லிட்டருக்குப் பவுண்டு’ என்று எவரேனும் எழுதியிருந்தால், அந்தக் கணக்கு முதல் வரியிலேயே நின்றிருக்கும். அலகை எழுதுங்கள் என்று நான் சலிக்காமல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: 2.4 சதுர மீட்டரைச் சதுர சென்டிமீட்டராக மாற்றினேன். 240 என்று வந்தது. தவறு என்கிறார்கள். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்தானே?

பதில்: நீளத்துக்கு 100, பரப்புக்கு அன்று. பக்கத்துக்கு ஒரு மீட்டர் உள்ள சதுரத்தை வரைந்து பாருங்கள். ஒரு வரிசையில் 100 சிறு சதுரங்கள், அப்படி 100 வரிசைகள்; ஆகவே ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர் உள்ளன. உங்கள் விடை 24,000. கன அளவுக்கு வந்தால் 100 மூன்று முறை பெருக்கப்படும்: ஒரு கன மீட்டர் என்பது 10,00,000 கன சென்டிமீட்டர், அதாவது 1,000 லிட்டர்.

கிலோ, சென்டி போன்ற முன்னொட்டும் அலகும் சேர்ந்து ஒரே சொல்லாகி, அந்தச் சொல் முழுவதும்தான் வர்க்கப்படுகிறது என்பதே விதி. ஆகவே சதுர கிலோமீட்டர் என்பது ‘ஆயிரம் சதுர மீட்டர்’ ஆகாது. அது பத்து லட்சம் சதுர மீட்டர். பள்ளி மாணவர்கள் முதல் பொறியாளர்கள் வரை நான் கண்ட மாற்றுப் பிழைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் நேர்கிறது.

கேள்வி: ஹெக்டோ (நூறு மடங்கு), டெகா (பத்து மடங்கு), டெசி (பத்தில் ஒரு பங்கு) ஆகிய முன்னொட்டுகளை யாரும் பயன்படுத்துவதில்லையே, கற்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டும். ஹெக்டேரும், வானிலை அறிக்கையில் வரும் ஹெக்டோபாஸ்கலும், ஒலிக்கான டெசிபெல்லும் அவற்றிலிருந்து வந்தவையே.

கேள்வி: 5 லிட்டர் எண்ணெய் எத்தனை கிலோ?

பதில்: மேலே பாருங்கள். பெரும்பாலான தாவர எண்ணெய்கள் லிட்டருக்கு ஏறத்தாழ 0.92 கிலோகிராம் இருக்கும், ஆகவே 4.6 கிலோகிராம் அளவில் வரும்.

கேள்வி: வீட்டில் முதியவருக்கு மருந்து கொடுக்கிறேன். பழைய அட்டையில் 0.25 மில்லிகிராம் என்றும் புதிய அட்டையில் 250 மைக்ரோகிராம் என்றும் உள்ளது. இரண்டும் ஒன்றா?

பதில்: அளவு ஒன்றே, ஒரு மில்லிகிராமில் 1,000 மைக்ரோகிராம் உள்ளன. ஆனால் அளவு ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்று என்று ஆகிவிடாது. இரண்டு அட்டைகளையும் மருந்தாளுநரிடம் காட்டிக் கேட்ட பிறகே கொடுங்கள். அதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை.

மருந்தளவை எழுதுவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்கிறேன். புள்ளிக்கு முன் சுழியம் இல்லாமல் .5 என்று எழுதாதீர்கள். புள்ளி மங்கினால் அது 5 ஆகிவிடும். முழு எண்ணுக்குப் பின் 5.0 என்றும் எழுதாதீர்கள். அது 50 ஆகப் படிக்கப்படும். இரண்டிலும் பிழை பத்து மடங்கு.

கேள்வி: எல்லா அடிப்படை அலகுகளும் முன்னொட்டு இல்லாமல் இருக்க, கிலோகிராம் மட்டும் ஏன் ‘கிலோ’வுடன் நிற்கிறது?

பதில்: 1793-இல் பிரான்சில் இந்த நிறைக்குக் ‘கிராவ்’ என்று தனிப்பெயர் வைக்கப்பட்டது. அது நீடித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 1795-இல் கிராம் அடிப்படையாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஒரு கிராம் எடையுள்ள உலோகக் கட்டியைத் துல்லியமான மூலப்படியாகச் செய்து காப்பது கடினம் என்பதால், ஆயிரம் கிராமுக்கான பிளாட்டினக் கட்டியே 1799-இல் செய்து வைக்கப்பட்டது. பெயர் கிராமிலிருந்து வந்தது, பொருளோ கிலோகிராமாக இருந்தது. அந்தப் பெயர் இன்றுவரை தொடர்கிறது.

கேள்வி: பெட்ரோல் ஒரு லிட்டர் எத்தனை கிலோகிராம்?

பதில்: அடர்த்தியால் பெருக்குங்கள், ஏறத்தாழ 0.74. இந்தக் கேள்விக்கு இது மூன்றாவது விடை. இனி வேறு திரவங்களின் பெயருடன் வரும் இதே கேள்வியை விட்டுவிடுகிறேன்.

கேள்வி (ஓர் ஆசிரியை): ஐயா, ஒரு லிட்டர் தண்ணீர் ‘ஏறத்தாழ’ 1 கிலோகிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இருபது ஆண்டுகளாகத் துல்லியமாக 1 கிலோகிராம் என்றே கற்பிக்கிறேன். பாடநூலும் அப்படியே சொல்கிறது. லிட்டரின் வரையறையே அதுதான் அல்லவா?

பதில்: அம்மா, நீங்கள் சொல்வது ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1901-இல் கூடிய சர்வதேச மாநாடு, மிக அதிக அடர்த்தி நிலையில் உள்ள 1 கிலோகிராம் தூய நீரின் கன அளவே லிட்டர் என்று வரையறுத்தது. பின்னர் நுட்பமாக அளந்தபோது, அந்த லிட்டர் ஒரு கன டெசிமீட்டரைவிட (பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தைவிட) சற்றுப் பெரிது, அதாவது 1.000028 கன டெசிமீட்டர் என்று தெரிந்தது. ஒரே அளவுக்கு இரண்டு அலகுகள், அவற்றிடையே மிகச் சிறிய வேறுபாடு. துல்லிய வேலையில் இதைவிடத் தொல்லை வேறில்லை. 1964-இல் அந்த வரையறை கைவிடப்பட்டு, லிட்டர் என்பது கன டெசிமீட்டரின் மற்றொரு பெயராக மட்டுமே ஆயிற்று. அன்றிலிருந்து தண்ணீருக்கும் லிட்டருக்கும் வரையறையில் தொடர்பில்லை. 4 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தூய நீர் 0.99997 கிலோகிராம்.

கேள்வி (வேறொருவர்): அப்படியென்றால் 1799-இல் அளந்தவர்கள் பிழை செய்துவிட்டார்கள் என்று சொல்லலாமா?

பதில்: நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1799-இன் பிளாட்டினக் கட்டி ஒரு கன டெசிமீட்டர் நீரின் நிறைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த அளவீட்டைச் செய்த லெஃபெவ்ர் ஜினோவும் ஃபப்ரோனியும் உலோக உருளை ஒன்றின் பரிமாணங்களை அளந்து, அதைக் காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்துப் பார்த்து அந்த நீரின் நிறையைக் கண்டார்கள். பத்து லட்சத்தில் 28 பங்கு வேறுபாடு என்பது ஒரு கிலோகிராமுக்கு 28 மில்லிகிராம். அந்தக் காலத்துத் தராசுகளையும் வெப்பமானிகளையும் கையாண்டு அவ்வளவு நெருங்கியதை நான் பெரும் சாதனையாகவே மதிக்கிறேன்.

கேள்வி (அதே ஆசிரியை): 28 மில்லிகிராம்தானே! மாணவர்களிடம் ‘துல்லியமாக’ என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பதில்: 28 மில்லிகிராம் மட்டும் என்றால் நானும் வாதிட்டிருக்க மாட்டேன். வெப்பநிலையைக் கணக்கில் கொள்ளுங்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 998.2 கிராம், 30 டிகிரியில் 995.65 கிராம். 30 டிகிரியில் ஒரு கிலோகிராமுக்குக் குறையும் அளவு, வரையறை மாற்றத்தால் வந்த வேறுபாட்டைவிட நூறு மடங்குக்கும் மேல். மேலும், தராசில் நிறுக்கும்போது காற்றும் தண்ணீரைச் சற்று மேலே தாங்குகிறது. அதனால் லிட்டருக்கு ஏறத்தாழ 1.05 கிராம் குறைத்தே தராசு காட்டும். ‘துல்லியமாக’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த மாணவர், கையில் வந்த அளவு பொருந்தாதபோது தன் அளவீட்டைச் சந்தேகிப்பார். ‘4 டிகிரியில், ஏறத்தாழ’ என்று கேட்டு வளர்ந்தவர் வெப்பமானியைத் தேடுவார். எனக்கு இரண்டாமவர்தான் வேண்டும்.

கேள்வி: தண்ணீர் எங்கும் கிடைக்கிறதே, கிலோகிராமைத் தண்ணீரைக் கொண்டே வரையறுத்திருக்கலாமே?

பதில்: தண்ணீர் ஒரே பொருளாக எங்கும் கிடைப்பதில்லை. அதில் கரைந்த காற்றும், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்களின்) விகிதமும் அடர்த்தியைச் சிறிது மாற்றும். அதனால்தான் உலோகக் கட்டி மூலப்படியாயிற்று. 1889-இல் ஏற்கப்பட்ட பிளாட்டினம் இரிடியம் கட்டியும் அதன் படிகளும் ஒரு நூற்றாண்டில் தங்களுக்குள் 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகியதைக் கண்ட பிறகு, பொருளையே விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற இயற்பியலின் அடிப்படை மாறிலியின் மதிப்பை நிலையாக வைத்துக் கிலோகிராமை வரையறுத்தார்கள். அது 2019 மே 20 முதல் நடைமுறையில் உள்ளது.

கேள்வி: தண்ணீரின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது என்றால், 293 கெல்வின் உயர்ந்தது என்று எழுதலாமா?

பதில்: கூடாது. 20 கெல்வின் உயர்ந்தது என்றே எழுத வேண்டும். 273.15 ஐக் கூட்டுவது ஒரு வெப்பநிலையைச் சொல்வதற்கு; வேறுபாட்டைச் சொல்லும்போது இரண்டு அலகுகளும் சமம்.

கேள்வி: மணிக்கு 90 கிலோமீட்டர் என்பதை நொடிக்கு மீட்டராக்க 3.6 ஆல் வகுக்கச் சொல்கிறார்கள். இந்த 3.6 எங்கிருந்து வருகிறது?

பதில்: ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி, ஒரு கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 3.6. விடை நொடிக்கு 25 மீட்டர். அலகுகளை எழுதிக் கணக்கிட்டிருந்தால் இந்த எண்ணை யாரிடமும் கேட்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஓர் அங்குலம் 2.5 சென்டிமீட்டரா, 2.54 சென்டிமீட்டரா?

பதில்: 2.54, மிகச் சரியாக. 1959-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இது அளந்து கண்ட மதிப்பு அன்று, வரையறை.

கேள்வி (அதே ஆசிரியை): ஐயா, வாதத்தை நீட்டிக்க அன்று. பள்ளி ஆய்வகத்தில் ஒரு லிட்டர் குடுவையில் காய்ச்சி வடித்த நீரைக் குறிவரை நிரப்பி நிறுத்துப் பார்த்தேன். நீரின் வெப்பநிலை 30 டிகிரி. குடுவையின் எடையைக் கழித்த பிறகு 994.8 கிராம் வந்தது. மீதி 5.2 கிராம் எங்கே போயிற்று என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

பதில்: அம்மா, இன்று வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது இதுதான். வெப்பத்தால் நீர் விரிந்ததில் 4.35 கிராம், காற்று தாங்கியதில் 1.05 கிராம், ஆக 5.4 கிராம் குறைய வேண்டும், தராசு 994.6 காட்டியிருக்க வேண்டும். உங்களுக்கு 0.2 கிராம் கூடுதலாக வந்துள்ளது. குடுவை பெரும்பாலும் 20 டிகிரிக்குக் குறியிடப்பட்டிருக்கும். 30 டிகிரியில் கண்ணாடியும் சற்று விரிந்து ஏறத்தாழ 0.1 கிராம் நீரைக் கூடுதலாகக் கொள்ளும். எஞ்சிய 0.1 கிராம் குடுவைக்கு அனுமதிக்கப்பட்ட பிழைக்குள் அடங்கிவிடும். அந்த எல்லை எவ்வளவு என்று குடுவையின் மேல் அச்சிட்டிருக்கிறார்களா என்று மாணவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அதே குடுவையை 20 டிகிரி நீரால் நிரப்பி நிறுக்கச் சொல்லுங்கள், 997.1 கிராமுக்கு அருகில் வர வேண்டும்.